நடுவில் நின்று பேசியவள்

மான்மவுத் ஜங்ஷன்,
8 ஏப்ரல் 2025

மாப்பிள்ளைக்கு,

கலாவதி எழுதுகிறேன். மேலே அன்புள்ள என்று போட வேண்டும் என்று மருமகள் விஷாகா சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பேசியதும் இல்லை. ப்ரியாவைக் கட்டிக்கொடுத்து எட்டு வருஷத்தில் உங்களிடம் நேராக நான் சொன்னது "வாங்க", "போயிட்டு வாங்க" இரண்டுதான். எங்கள் சாத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை முன்னால் மாமியார் நின்று பேச மாட்டாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரியும். பிளசன்டனில் உங்களோடு ஒரு மாதம் இருந்தேன். சோபாவின் அந்த முனையில் நீங்கள், இந்த முனையில் நான். "ப்ரியா, ஹீட்டரக் கூட்டணுமான்னு உங்கம்மாட்ட கேளு" என்பீர்கள். "வேணாம்னு சொல்லுடி" என்பேன். அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு எனக்குச் சம்பளம் குடுங்க ரெண்டு பேரும்" என்பாள். இப்போது சொல்லிவிட ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழை இருக்கும்.

இரண்டு விஷயம்.

ஒன்று, ஆவணியில் ப்ரியாவுக்கு வருஷம் வருகிறது. மகன் சபரி இங்கேயே திதி கொடுக்கிறேன் என்கிறான். வைத்துக் கும்பிட ஒரு படம் வேண்டும். அவள் தனியாக, பொட்டு வைத்து, தலை நிறைய முடியோடு, நேராகப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒன்று இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் எப்போதும் போனும் கையுமாகப் படம் எடுக்கிற ஆள். இல்லாமல் இருக்காது.

இன்னொன்று கேள்வி. என்னை ஏன் வர வேண்டாம் என்றீர்கள்?

போன வருஷம் ஜனவரியில் நோய் தெரிந்தது, ஆகஸ்டில் போய்விட்டாள். எட்டு மாதம் நான் இதே அமெரிக்காவில், பிளேனில் ஏறினால் ஆறு மணி நேரத்தில் வந்து நிற்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த ஹாலில் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். முகத்தில் பவுடர் பூசி, யாருடைய முடியையோ தலையில் வைத்து. அது என் பிள்ளை மாதிரியே இல்லை. அப்போது எல்லார் முன்னாலும், "எம்புள்ளைய எங்கண்ணுல காட்டாமலே முடிச்சுப்புட்டியே" என்று உங்களைப் பார்த்துக் கத்தினேன். அதுதான் உங்களிடம் நேராகப் பேசிய மூன்றாவது பேச்சு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இந்தக் கடிதம் எழுதவில்லை. பதில் வேண்டும், அவ்வளவுதான்.

நான் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்று விஷாகா என்னை ஊர் லைப்ரரியில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலையில். வீட்டில் யாரையாவது சாகக் கொடுத்தவர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து போட்டோ எடுக்கப் பழகுகிறார்கள். படம் எடுத்தால் மனசு ஆறுமாம். எப்படி ஆறும் என்று கேட்டால் விஷாகாவுக்கும் தெரியவில்லை. "ஒரு தடவ வந்து பாருங்க அத்தை, பிடிக்கலன்னா அங்கயே காபி ஃப்ரீ, குடிச்சுட்டு வந்துரலாம்" என்றாள். போனேன். காபி நன்றாக இல்லை.

கலாவதி


பிளசன்டன்,
20 ஏப்ரல் 2025

அத்தைக்கு,

கடிதம் வந்தது. கையால் தமிழ் எழுதிப் பத்து வருடம் இருக்கும். டைப் பண்ணி அனுப்பலாம் என்று பார்த்தேன், அது ஆபீஸ் லெட்டர் மாதிரி இருந்தது.

நீங்கள் கேட்கிற மாதிரிப் படம் என்னிடம் இல்லை. ப்ரியா பொட்டு வைத்துச் சிரிக்கிற படங்கள் பழைய போனில் இருக்கலாம். அந்தப் போனை ஆகஸ்டுக்கு அப்புறம் நான் ஆன் பண்ணவில்லை. பண்ண முடியுமா என்று தெரியவில்லை. கல்யாண ஆல்பம் சபரியிடம் ஒன்று இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குப் புரியவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை, வர முடியாது என்று சொன்னது நீங்கள். அதை நான் இதுவரை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் நீங்கள் அப்படிக் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. இனிமேலும் பேச விருப்பம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செழியன்


மான்மவுத் ஜங்ஷன்,
29 ஏப்ரல் 2025

மாப்பிள்ளைக்கு,

நான் சொன்னேனா? வர முடியாது என்று நானா சொன்னேன்?

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எழுத்து தெரியாமல் தப்பாகப் படிக்கிறேனோ என்று விஷாகாவைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

நான் உள்ளதை எழுதுகிறேன். மார்ச் மாதத்தில் ப்ரியாவிடம் போனில், "டிக்கெட் போடச் சொல்லுறேன்டி, வந்து கூட இருக்கேன்" என்றேன். "வேணாம்மா. அவருக்கு வீட்ல யாரும் வர்றது பிடிக்கல. இன்ஃபெக்‌ஷன் வரும்னு பயப்படுறாரு. கொஞ்ச நாள் பொறு" என்றாள். ஏப்ரலில் சபரி மட்டும் வந்தான். நானும் வருகிறேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான் வேணாம்ங்கறாராம்மா, ப்ரியாதான் சொன்னா, நடுவுல நான் என்ன பேச" என்றான். மே மாதம் கேட்டேன். ஜூன் கேட்டேன். வீடியோவில் முகத்தைக் காட்டு என்றால் கேமரா ரிப்பேர் என்பாள். "அவர்ட்ட நல்லவிதமாச் சொல்லிப் பாருடி, நான் ஒரு மூலைல கெடக்கேன், கிட்டக்கவே வரல" என்றேன். "சொல்லிட்டேம்மா, ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்றாள். ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு உங்களைத் திட்டினேன். சாமி முன்னால் நின்றே திட்டியிருக்கிறேன்.

நம்ப மாட்டீர்கள். அதனால் இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், பாருங்கள். நான் எடுத்தது. வகுப்பில் டோனா என்கிற டீச்சர், வீட்டில் தினமும் கண்ணில் படுகிற ஒன்றை எடுத்து, மருந்துக் கடையில் இருக்கிற மிஷினில் பிரிண்டு போட்டுக் கொண்டு வாருங்கள் என்றாள். நான் இந்தப் பெட்டியை எடுத்தேன். போன வருஷம் மார்ச்சில் உங்கள் வீட்டுக்கு வர அடுக்கியது. இன்றுவரை என் கட்டில் பக்கத்தில் அப்படியே திறந்து கிடக்கிறது. எடுத்து வைக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. மேலே இருப்பது தலையணை உறை. முடி கொட்டும்போது தலை எரியும் என்றார்கள், அவளுடைய பழைய பருத்திப் பாவாடையைக் கிழித்துத் தைத்தேன். பக்கத்தில் பருப்புப் பொடி பாட்டில்.

அந்த வகுப்பில் ஒரு விதி. படத்தை மேஜையில் வைத்துவிட்டு, எடுத்தவர் பேசக் கூடாது. மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வராது, பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. ஒரு அம்மா, யாரோ ஊருக்குப் புறப்படுகிறார்கள் என்றாளாம். மனைவியை இழந்த ஒரு பெரியவர், இல்லை, யாரோ இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்றாராம். விஷாகா காதில் சொன்னாள். இரண்டும் இல்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அழுகை வந்தது. எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

பொய் சொல்வது யார், மாப்பிள்ளை?

கலாவதி


பிளசன்டன்,
11 மே 2025

அத்தைக்கு,

உங்கள் போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொடி பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில், "ப்ரியாவுக்கு. உப்பு கம்மி. மார்ச்" என்று உங்கள் எழுத்து. அந்த மார்ச்சில்தான் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அதை இப்போது யாரும் ஜோடிக்க முடியாது.

நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மார்ச்சில், "உங்கம்மாவ வரச் சொல்லேன் ப்ரியா, நான் ஆபீஸ் போற நேரம் ஆள் வேணுமில்ல" என்றேன். "கேட்டேன்பா. அவங்களால பாக்க முடியாதாம். ஃபோன்லயே அழறாங்க. பிரஷர் வேற" என்றாள். ஏப்ரலில் சபரி வந்தபோது, அவனிடம் இதைப் பேசாதே என்றாள். ஜூன் மாதம் நிலைமை மோசமானபோது, நானே உங்களுக்கு போன் பண்ணுகிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். பிடுங்கிவிட்டாள். "இத்தனை வருஷமாப் பேசாத மாப்பிள்ளை திடீர்னு ஃபோன் பண்ணி வாங்கன்னா, அவங்க வர முடியலயேன்னு செத்துப் போவாங்க. சங்கடப்படுத்தாத" என்றாள். நான் விட்டுவிட்டேன்.

அப்போதிருந்து உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத முடியாது. பெற்ற பிள்ளை சாகக் கிடக்கும்போது பார்க்கத் தைரியம் இல்லை என்று ஒரு தாய் சொல்வாளா என்று ஆபீஸ் இருக்கிற சான்டா கிளாரா வரை காரில் தனியாகப் பேசிக்கொண்டே போவேன்.

ஆக, அவள் உங்களிடம் என்னைச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் உங்களைச் சொல்லியிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் ஒரு போன் பண்ணியிருந்தால் ஒரு நிமிஷத்தில் உடைந்திருக்கும். பண்ண மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கு இப்போது வேறு சந்தேகம் எல்லாம் வருகிறது. நான் மேனேஜர் ஆனபோது நீங்கள் இருக்கன்குடி கோயிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். வேண்டிக்கொண்டீர்களா? "மாப்பிள்ளை எனக்கு இன்னொரு மகன்" என்று சொன்னீர்களாமே, சொன்னீர்களா?

செழியன்


மான்மவுத் ஜங்ஷன்,
20 மே 2025

மாப்பிள்ளைக்கு,

முடி இறக்குவதாக நான் வேண்டிக்கொள்ளவில்லை. நீங்கள் மேனேஜர் ஆனதே எனக்குத் தெரியாது. இன்னொரு மகன் என்றும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நானும் கேட்கிறேன். என் மீன் குழம்பு மாதிரி உலகத்திலேயே கிடையாது என்று சொன்னீர்களாமே? அதை நம்பி, நான் அங்கே இருந்த ஒரு மாதமும் வாரத்துக்கு இரண்டு தடவை வைத்தேன். எனக்குக் கொடுத்த சாம்பல் கலர் சால்வையை நீங்களே கடை கடையாகத் தேடி வாங்கினதாகச் சொன்னாள். அதுவாவது உண்மையா? சபரியிடம், "நம்ம அம்மா மாதிரி ஒத்தை ஆளா தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டி ரெண்டு பேர இஞ்சினியர் ஆக்க இன்னொருத்தி பொறக்கணும்னு அவரே சொல்றாரு" என்றாளாம். அதைக் கேட்டு நான் எத்தனை நாள் பெருமைப்பட்டேன் தெரியுமா? இப்போது அது நீங்கள் சொன்னதா, அவள் சொன்னதா?

எனக்குத் தலை சுற்றுகிறது. எட்டு வருஷமாக உங்களைப் பற்றி நான் நினைத்தது எல்லாம் அவள் கையால் எழுதியது. நல்லதும் அவள் எழுதியதுதான், கெட்டதும் அவள் எழுதியதுதான். அப்படியென்றால் நீங்கள் யார்? எனக்குத் தெரியாது.

இன்னொரு கூத்து. ப்ரியா மேல் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவள் மேல் கோபப்படலாமா? மூன்று நாளாக அவளுக்கு விளக்கு ஏற்றவில்லை. விஷாகா கேட்டாள், "ஏன் அத்தை, உங்க பொண்ணோட டூவா?" என்று. "ஆமாண்டி, டூதான்" என்றேன். சிரித்துவிட்டோம். பிறகு ரொம்ப நேரம் பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

வகுப்புக்குச் சுவரைப் படம் எடுத்துப் போனேன். ஹாலில் அவள் படம் மாட்ட சபரி ஆணி அடித்து வைத்திருக்கிறான். வெறும் ஆணி, வெறும் சுவர். அந்தப் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூடின கராஜ் கதவாகவே எடுத்துக் கொண்டு வருகிற ஆள். அவர் சொன்னது, "இவர்கள் எதை மாட்டுவது என்று முடிவு செய்யவில்லை." எப்படித் தெரிந்தது அவருக்கு? டோனாவிடம், "மனசு ஆறும்னீங்க, எனக்குக் கூடிக்கிட்டேல்ல வருது" என்று விஷாகாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். டோனா சிரிக்கவில்லை. "யெஸ்" என்றாள். என்ன யெஸ்?

என்னை அவள் ஏன் வேண்டாம் என்றாள்? நீங்கள் கூட இருந்தவர். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் என்ன செய்தேன் அவளுக்கு?

கலாவதி


பிளசன்டன்,
7 ஜூன் 2025

அத்தைக்கு,

சால்வை உண்மை. மூன்று கடை. தீப்பெட்டி ஆபீஸ் பேச்சும் உண்மை, ஆனால் ஒரு தடவைதான் சொன்னேன். மீன் குழம்பு பொய். எனக்கு மீன் வாடை ஆகாது. அந்த மாதம் முழுக்க அவள் உங்களுக்குத் தெரியாமல் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். இதை உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன்.

போன வருடம் ஜூன் பத்தாம் தேதி டாக்டர் இனி மருந்து இல்லை என்றார். மறுநாள் காலையில், "போனை எடு, என்னைப் படம் எடு" என்றாள். தலையில் ஒரு முடி இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. நான் மாட்டேன் என்றேன். "தினம் ஒண்ணு எடு. நல்லா இருக்கற அன்னிக்கும் எடு, கேவலமா இருக்கற அன்னிக்கும் எடு. எங்கம்மாவுக்கு" என்றாள். "அவங்கதான் பாக்கவே மாட்டேன்னுட்டாங்களே" என்றேன். "இப்பப் பாக்க முடியாது. மொத்தமாப் பாத்தா தாங்க மாட்டாங்க. அப்பா போனப்போ ஒரு வருஷம் பேச்சே இல்லாமக் கெடந்தாங்க. நானும் சபரியும் பாத்து வளந்தோம். அப்புறமா ஒண்ணொண்ணாப் பாக்கட்டும், வேணும்னா பாக்கட்டும். அவங்க கேக்கறப்போ குடு" என்றாள்.

எடுத்தேன். தினமும் ஒன்று. கடைசியாக ஆகஸ்டு பதினெட்டாம் தேதி. அறுபத்தொன்பது படம்.

உங்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது நான்தான். வர மனசில்லாதவருக்கு இது எதற்கு என்று நினைத்தேன். ஏப்ரலில் நீங்கள் படம் கேட்டு எழுதியபோது கூட, பொட்டும் சிரிப்புமாகக் கேட்டிருந்தீர்கள், அதைச் சாக்காக வைத்து இல்லை என்று எழுதினேன். அது என் தப்பு.

நேற்று அந்தப் போனை ஆன் பண்ணினேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு மருந்துக் கடை மிஷினில் பிரிண்டு எடுத்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை, தேதி மட்டும் பார்த்துப் பின்பக்கம் எழுதினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "குழந்தை படமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வரிசைப்படி கவிழ்த்து அடுக்கியிருக்கிறேன். மேலே இருப்பது முதல் நாள். நீங்கள் மாலை போட்டு வைக்கிற மாதிரிப் படம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. சிலதில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். பார்க்கத்தான் வேண்டும் என்று இல்லை. அவள் செய்தது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் தெரியவில்லை.

செழியன்


மான்மவுத் ஜங்ஷன்,
17 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

சபரி, "அதப் பாத்து என்னம்மா ஆகப்போகுது, குடு, நான் உள்ள வச்சுடறேன்" என்கிறான். விஷாகா, "அவங்க பொண்ணு, அவங்க பாப்பாங்க, உனக்கென்ன" என்று அவனோடு சண்டை. இரண்டு நாளாக வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. என்னால்தான்.

எட்டு மாதம் கண்ணில் காட்டு காட்டு என்று கேட்டவள் நான். இப்போது மடியில் வந்து கிடக்கிறது, திருப்பித் திருப்பி மேல் விலாசத்தையே படிக்கிறேன். ஒருவேளை ப்ரியா சொன்னதுதான் நிஜமோ? பார்க்க முடியாதவள்தானோ நான்? நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னாள், ஆனால் என் மனசில் இருந்ததைத்தான் சொன்னாளோ?

இன்று வகுப்புக்குப் பார்சலைத் தூக்கிக்கொண்டே போனேன். மேஜையில் வைத்தேன். அந்தப் பெரியவர் தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

கலாவதி


மான்மவுத் ஜங்ஷன்,
14 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி முதல் படத்தைத் திருப்பினேன். ஒரு நாளைக்கு ஒன்று. காலையில் காபி குடித்ததும், சபரி வேலைக்குப் போனதும், சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒன்றைத் திருப்புவேன். அன்றைக்கு முழுக்க அது ஒன்றுதான். மறுநாள்தான் அடுத்தது. அவள் எப்படி ஒவ்வொரு நாளாகப் போனாளோ அப்படி நானும் ஒவ்வொரு நாளாகப் போகிறேன்.

முதல் நாள் படத்தைப் பார்த்ததும் கவிழ்த்துவிட்டேன். மண்டை அவள் பிறந்தபோது இருந்த மாதிரியே இருந்தது. பின்பக்கம் கொஞ்சம் சப்பை. அதை நான் முப்பத்து மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. முடி மறைத்திருந்தது. எட்டாவது படத்தில் தயிர்ச்சோறு வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் முறைக்கிறாள், நீங்கள் ஊட்டியிருக்கிறீர்கள் போல. பன்னிரண்டாவதில் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், அதைப் பார்த்த அன்று உங்களைத் திட்டினேன், இதையெல்லாமா எடுப்பார்கள் என்று. பதினாறாவதில் முகம் இல்லை. கால் மட்டும். ஏன் கால் மட்டும் என்று இன்னும் புரியவில்லை. வகுப்புக்கு அதை மட்டும் கொண்டு போனேன். அவர்களும் சரியாகச் சொல்லவில்லை.

ஆறுகிறதா என்று விஷாகா கேட்கிறாள். தெரியவில்லை. ஒரு நாள் ஆறுகிறது, ஒரு நாள் இல்லை. அவள் செய்தது சரியா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றினாளா, ஒதுக்கினாளா? இரண்டும்தானா? கோபம் போகவில்லை. ஆனால் நேற்று விளக்கு ஏற்றினேன். கோபத்தோடேயே ஏற்றினேன். திதிக்கு எந்தப் படம் வைப்பது என்று சபரி தினமும் கேட்கிறான். இன்னும் முடிவாகவில்லை. இன்னும் நாற்பத்தாறு பார்க்கவில்லை.

இன்று இருபத்து மூன்றாவது. பின்னால் ஜூலை 3 என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை, இன்னொரு கையில் சின்னக் கண்ணாடி. பொட்டு வைக்கத்தான் கண்ணாடியை எடுத்திருக்கிறாள். ஆனால் அதை அவள் முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை. உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறாள். வேண்டுமென்றேதான் திருப்பியிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தால் தெரிகிறது. கண்ணாடிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தேதியை மட்டும்தானே பார்த்தேன் என்று எழுதினீர்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாடி. சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், தையல் வெளியே தெரிகிறது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அழுதுகொண்டேதான் எடுத்திருக்கிறீர்கள், போன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நான் இங்கே சாமி முன்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தது இந்த ஆளைத்தான்.

ப்ரியாவை ஒரு நாள் விடாமல் எடுத்து வைத்தீர்கள். உங்களை அன்றைக்கு அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இப்போது நான் பார்த்துவிட்டேன்.

அந்த ஜூலை மூன்றாம் தேதி நீங்கள் சாப்பிட்டீர்களா? என்ன சாப்பிட்டீர்கள்?

கலாவதி